வங்குரோத்து என்றால் என்ன, மிஸ்?

நாடு வங்குரோத்து அடைந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், நம் பழைய வகுப்புக்காரிகளின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லாரும் அந்தச் சொல்லை வைத்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். காஸ் இல்லாத அடுப்பைப் படம் பிடித்து ‘என் குசினி வங்குரோத்து’ என்று ஒருத்தி அனுப்பினாள். இன்னொருத்தி வீங்கிய முழங்காலை அனுப்பினாள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கோபமா என்று கேட்டீர்கள். கோபமில்லை. அந்தச் சொல்லை நம் வகுப்பில் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னவள் நான்தான். ஐந்தாம் வகுப்பு; வெளியே மழை. நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். ஒருத்திக்கும் நினைவில்லை போலிருக்கிறது.

எனக்கு அந்த வருடத்தின் மழை மட்டுமல்ல, அதன் வாசமும் நினைவிருக்கிறது. மாத்தளையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, மூன்று மணிக்குக் கொட்டி, நாலரைக்கெல்லாம் விட்டுவிடும். விட்டபிறகு தெருவே பளபளவென்று கிடக்கும். வாப்பாவின் புடவைக்கடைக்குள் அந்த நேரத்தில் ஒரு நீலமான வெளிச்சம் வரும். பொப்ளின், வொயில், சாரம், பாவாடைச் சீத்தை எல்லாம் கட்டுக்கட்டாக இறாக்கையில் இருக்கும். புதுத்துணியின் கஞ்சி வாசமும் ஈரமண்ணின் வாசமும் கலந்து மூக்கில் ஏறும். வாப்பாவிடம் இரண்டு முனையிலும் பித்தளை பதித்த அளவுகோல் ஒன்று இருந்தது. அதில் துணியை அவர் அளப்பதைப் பார்த்தால் ஆற்றில் யாரோ துணி அலசுவதைப் போல இருக்கும். அந்தக் கோல் எங்கே போனதோ.

கடைக்குள் நீளமான வாங்கு ஒன்று இருந்தது. தேயிலைத் தோட்டத்து பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வாப்பா ஏலத்தில் எடுத்தது. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மற்றக் கடைகளில் தோட்டத்து ஆட்கள் படியில் நின்றுதான் சாமான் வாங்குவார்கள். எங்கள் கடையில் அப்படியில்லை. எல்கடுவைத் தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் இறங்கி வருவார்கள். பாதி வழி நடை, மீதி பஸ். அவர்கள் படியில் கால் வைக்கும்போதே வாப்பா, “உக்காருங்க, உக்காருங்க. உக்காந்து பாத்தாத்தான் துணிட நெறம் தெரியும்” என்பார். அது பொய். ஆனால் அவர்கள் உட்காருவார்கள். கைக்குழந்தையோடு வரும் அக்கா ஒருத்தி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல்களை நீட்டி நீட்டி மடக்குவாள். அவளுக்கு என்ன பெயரோ, எனக்கு அவள் எல்கடுவ அக்காதான்.

பகல் தொழுகைக்கு வாங்கு சொன்னதும் வாப்பா பாதிக் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போவார். பாங்கு என்பதை எங்கள் வீட்டில் வாங்கு என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அந்த நேரம் முழுவதும் கடை எனக்கு. வாங்கில் மல்லாந்து படுத்து, வெளியே கேட்கும் வாங்கையும், முதுகுக்குக் கீழே இருக்கும் வாங்கையும், ‘வாங்கு, வாங்கு’ என்று கூவும் தெரு வியாபாரியையும் ஒன்றாக்கி ஏதோ யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். அப்படி ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. தூக்கம் வரவில்லை. துணிக்கட்டுகளை வாங்கின் மேல் அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று, முகட்டு மின்விசிறியின் காற்று முகத்தில் படுகிறதா என்று பார்த்தேன். பட்டது. அந்தச் சந்தோஷத்தில் குதித்தேன்.

சத்தம் பெரிதாக வரவில்லை. முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்கக் கால் ஒன்று மேலே பொருத்தில் பிளந்து சாய்ந்துவிட்டது. பின் வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து வந்து அடியில் முட்டுக் கொடுத்தேன். ஒரு துணிக்கட்டை அந்த மூலையில் வைத்து மறைத்தேன்; ஒருவர் இருவர் உட்கார்ந்தால் தாங்கும். வாப்பா திரும்பி வந்தபோது நான் நல்ல பிள்ளையாகக் கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வாப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை. நான் பக்கத்து அறையில் வசவாசி காயவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பின்வளவில் ஒரு சாதிக்காய் மரம் இருந்தது உங்களுக்குத் தெரியும். விழுகிற காயைப் பொறுக்கி, வெடித்த பழத்துக்குள்ளிருந்து கொட்டையை எடுத்து, அதன் மேல் சிவப்பு வலை போலச் சுற்றியிருக்கும் வசவாசியைக் கிழியாமல் உரித்துச் சுளகில் பரப்புவது என் வேலை. அப்போதுதான் குசினியிலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது.

“நான் வங்குரோத்து. மறைச்சு வேலையில்ல. கொழும்புக்காரனுக்கு குடுக்க இல்ல.”

உம்மா, “எவ்வளவு நாளைக்கு தாக்குப் பிடிக்கலாம்?” என்று கேட்டார்.

“தீபாவளிக்கு இன்னும் மூணு கிழம இருக்கு. தோட்டத்தில அட்வான்ஸ் குடுத்தா எல்லாரும் இறங்கி வருவாங்க. அந்த யாவாரம் நடந்தா எழும்பிடுவேன். அதுவரைக்கும் வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா எல்லாரும் ஒரே நாள்ல வந்து நிப்பாங்க.”

தெரியக் கூடாது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தைதான் புரியவில்லை. உம்மாவிடம் கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். ஆகவே திங்கட்கிழமை இங்கிலீஷ் பாடத்தில் கையைத் தூக்கினேன்.

நம் மிஸ்ஸை நினைவிருக்கிறதா? மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து குடையை ஊன்றுகோல் போலப் பிடித்துக்கொண்டு வருவார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அதிலும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டால் பாடத்தையே மூடி வைத்துவிடுவார்.

“மிஸ், வங்குரோத்துன்னா என்ன?”

“அட! இத எங்க கேட்ட?”

“பேப்பர்ல மிஸ்.” என் முதல் பொய் அதுதான் என்று சொல்ல ஆசை. செங்கல்லை மறைத்தவள் அப்படிச் சொல்ல முடியாது.

மிஸ் சோக்கட்டியைக் கையில் எடுத்தார். “இங்கிலீஷ்ல அதுக்கு பேங்க்ரப்ட். அந்தச் சொல் இத்தாலியில இருந்து வந்தது. அங்க அந்தக் காலத்துல காசு மாத்துறவங்க சந்தையில ஆளுக்கொரு வாங்கு போட்டு உக்காந்திருப்பாங்க. அந்த வாங்குக்கு பாங்கான்னு பேரு. நாம பேங்க்னு சொல்றமே, வங்கின்னு எழுதுறமே, எல்லாம் அந்த வாங்குதான். ஒருத்தன் குடுக்க முடியாம போயிட்டான்னு வைங்க, மத்தவங்க வந்து அவன் உக்காந்திருந்த வாங்கையே ஒடச்சுப் போட்டுடுவாங்க. பாங்கா ரோத்தா. ஒடஞ்ச வாங்கு. அதுதான் பேங்க்ரப்ட். அதுதான் வங்குரோத்து.”

கரும்பலகையில் ஒரு வாங்கும் வரைந்தார். பின்னங்கால் ஒன்றை உடைத்துக் காட்டினார். அதே கால்.

மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினேன். புதன்கிழமை வாங்கு உடைந்தது. வெள்ளிக்கிழமை வாப்பா வங்குரோத்து. உடைத்தவள் நான். பத்து வயதில் இதைவிடத் தெளிவான கணக்கு எது?

“மிஸ், ஒடஞ்சத திருப்பிச் செஞ்சுட்டா?”

மிஸ் சிரித்தார். “செஞ்சுட்டா மறுபடி உக்காந்து யாவாரம் பண்ணலாம்தானே. நல்ல கேள்வி. எல்லாரும் கை தட்டுங்க.”

நீங்கள் எல்லாரும் எனக்குக் கை தட்டினீர்கள்.

அன்றைக்கே பாஸிடம் போனேன். கோவில் திருப்பத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருந்த சிங்களவர். தச்சு வேலைக்காரரை நாம் பாஸ் என்றுதானே சொல்வோம். பட்டறைக்குள் பலாமரத் தூள் மஞ்சளாகப் படிந்து, அவருடைய புருவம், காதுமடல், பிளேன்டி குடிக்கும் கோப்பை எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். வாங்கைச் செய்து தர வேண்டும், வாப்பாவுக்குத் தெரியக் கூடாது, கூலியாக வசவாசி கொண்டு வருவேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

“வாப்பாக்கு தெரியாம எப்படி துவ கடைக்குள்ள வாறது?” மகள் என்பதை அவர் தன் பாஷையில்தான் சொல்வார்.

“பகல் பள்ளிக்குப் போற நேரம் வாங்க. சனிக்கிழமை நான் இருப்பேன்.”

அந்தக் கிழமை முழுவதும் விடிந்ததும் எழும்பி, ஈரப்புல்லில் சாதிக்காய் தேடினேன். கால் விரலிடுக்கில் அட்டை கடித்தது தெரியாமல் தேடியிருக்கிறேன். வெயில் இல்லை. வசவாசியை அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்துக் காயவைத்தேன். சிவப்பு மெல்ல மஞ்சளாகும் முன்னமே பொறுமையில்லாமல் ஒரு பால்மாத் தகரத்தில் அடைத்து வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ் திறந்து முகர்ந்தார்.

“இது காய இல்லதானே துவ,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல. நான் காய வச்சுக்கிறேன்,” என்று தகரத்தை மூடினார்.

அதற்கு முன்னமே, செவ்வாய்க்கிழமை மாலை, நம் கணக்கு டீச்சரின் கணவர் கடைக்கு வந்ததை நான் கண்டேன். கொழும்பு மொத்தக்கடை ஒன்றுக்கு அவர் ஏஜெண்ட். வாப்பாவோடு மெதுவாகப் பேசினார். போகும்போது இறாக்கைகளை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே போனார். டீச்சருக்குத் துணி எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பகல் வாங்கு சொல்லியும் வாப்பா பள்ளிக்குப் போகவில்லை. போக விடவில்லை. ஏஜெண்டும் இன்னும் ஐந்தாறு பேரும் வந்துவிட்டார்கள். எல்லாரும் வாப்பாவுக்குத் தெரிந்தவர்கள்தான். பெருநாளைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். எல்கடுவ அக்காவும் அன்றைக்கு ஏதோ காரியமாக இறங்கி வந்தவள், குழந்தையோடு படியிலேயே நின்றுவிட்டாள். வாப்பா தன் வழக்கப்படி, “உக்காருங்க, உக்காந்து பேசுவோம்,” என்றார்.

நான் “வேணாம்” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

செங்கல் நழுவியது. வாங்கு அந்த மூலையில் சரிய, நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவராகச் சரிந்து துணிக்கட்டோடு தரையில் விழுந்தார்கள். எல்கடுவ அக்கா ‘பக்’கென்று சிரித்து, உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா ஓடிவந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கினார். அவர்களுடைய காற்சட்டையில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டிவிட்டார். சரியாக அந்த நேரம் பாஸ் தன் உளிப்பையோடு படியேறி வந்து, இத்தனை பேரைக் கண்டு விழித்தார்.

எனக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. மிஸ் சொன்னபடியே மற்றவர்கள் வந்தார்கள், வாங்கு உடைந்தது. நான் நடுவில் போய் நின்று கத்தினேன்.

“அத நான்தான் ஒடச்சேன்! வாப்பா ஒண்ணும் செய்யல! பாஸ் இப்ப செஞ்சு குடுத்துடுவாரு. நீங்க எல்லாரும் போங்க!”

வாப்பா குந்தி, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தார். “எத மகள் ஒடச்சீங்க?”

“வாங்கு கால. அது ஒடஞ்சதாலதானே நீங்க வங்குரோத்து ஆனீங்க? மிஸ்தான் சொன்னாங்க.”

வாப்பா என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“மிஸ்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல வாப்பா. சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மட்டும்தான் கேட்டேன்.”

வாப்பா மெல்லத் தலையைத் திருப்பி ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்ட் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைக்கும் இடையில் என்ன நடந்தது என்பது எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியாது.

பிறகு வாப்பா என் தலையில் கை வைத்தார். “அர்த்தம் கேட்டது நல்லது,” என்றார். எழுந்து நின்று, “பாஸ், வாங்க, வந்த வேலையைப் பாருங்க,” என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் ஒரு பக்கம் அவர்கள் துணிக்கட்டுகளை எண்ணி எழுதினார்கள். இன்னொரு பக்கம் பாஸ் காலைச் செதுக்கிப் பொருத்தினார். மழை கொட்டியது. நான் பாஸின் பக்கத்தில் குந்திக்கொண்டு, சுருள் சுருளாக விழும் மரச்சீவல்களைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தேன். வாங்கு முன்பிருந்ததைவிட நன்றாக நின்றது. இரண்டு நாளில் அதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். பாஸ் வீடு தேடி வந்து தகரத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வசவாசி நன்றாகக் காய்ந்து, மஞ்சளாக, முறுகலாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எல்கடுவ அக்காவும் இன்னும் நாலு பெண்களும் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். கடை பூட்டியிருப்பதைக் கண்டு விசாரித்து வந்தவர்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் காசை உம்மாவின் கையில் வைத்தார்கள். “மொதலாளி எங்கள உக்கார வச்சாருங்க,” என்றாள் அக்கா. உம்மா அவர்களுக்குப் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். ஆனாலும் சாகும்வரை உம்மாவும், வாப்பாவின் தம்பிமாரும், ஊரில் பாதிப் பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: தோட்டத்து ஆட்களை வாங்கு போட்டு உட்கார வைத்துக் கடன் கொடுத்துத்தான் அவர் விழுந்தார் என்று. அந்த ஐந்து பெண்களும் மழையில் நனைந்து வந்து நின்றதை உம்மாவே மறந்துவிட்டார்.

வாப்பா சைக்கிளில் பொட்டணி கட்டிக்கொண்டு பல்லேபொலப் பக்கம் போக ஆரம்பித்தார். வீடு வீடாகத் துணி விற்பது. சில நாள் பஸ்ஸில் பொட்டணியை ஏற்றிக்கொண்டு வில்கமுவ வரை போய், திரும்ப பஸ் கிடைக்காமல் மறுநாள்தான் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்ற முன்னமே ஒரு கேள்வி கேட்பார்: “மகள், இன்னைக்கு மிஸ்கிட்ட என்ன கேட்டீங்க?” ஒன்றும் கேட்கவில்லை என்றால் அவருடைய முகம் வாடிவிடும். அந்த முகத்துக்காகவே நான் கேள்வி தேடினேன். ஏன் மிஸ் இப்படி, எங்கிருந்து மிஸ் இது என்று உங்களையெல்லாம் சலிப்படைய வைத்தேன். கடைசியில் நானும் இங்கிலீஷ் டீச்சராகவே ஆனேன்.

டீச்சரான பிறகு ஒரு பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். மிஸ் சொன்னது சரி. இத்தாலிய வாங்குதான். போர்த்துக்கீசர் வழியாகவோ ஒல்லாந்தர் வழியாகவோ நம்மிடம் வங்குரோத்து வந்திருக்கிறது. உட்காருகிற வாங்கும் போர்த்துக்கீசர் விட்டுப்போனது. தொழுகைக்குக் கூப்பிடும் வாங்கு மட்டும் வேறு வழியில், பாரசீகத்திலிருந்து வந்தது. ஆனால் உண்மையில் யாரும் யாருடைய வாங்கையும் உடைத்ததாகத் தெரியவில்லை, அது ஒரு பேச்சு வழக்காக இருந்திருக்கலாம் என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துப் புத்தகத்தை மூடி வைத்தேன். பத்து வயதில் ஒரு கிழமை நான் சுமந்தது வெறும் பேச்சு வழக்கையா?

வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி இருபது வருடமாகிறது. அவரிடம் இதைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொல்ல நினைத்த நாட்கள் உண்டு.

போன மாதம் பிரஷர் கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ புடவைக்கடை முதலாளிட மகதானே?” என்றார். மிஸ். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணில் பார்வை இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பழைய கதை எல்லாம் பேசினோம். திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வாப்பா இருந்த வரைக்கும் சொல்லாம இருந்தேன். நீ அன்னைக்கு அர்த்தம் கேட்டியே… நான் ஸ்டாஃப் ரூம்ல போய்ச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். டீ குடிச்சுகிட்டிருந்தம். ‘பேங்க்ரப்ட்டுக்கு அர்த்தம் கேட்டிச்சு ஒரு புள்ள, புடவைக்கடை முதலாளிட மக’ன்னு. கணக்கு டீச்சர் கோப்பையக் கீழ வச்சாங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.”

செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் இறாக்கைகளைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் உடைத்தது வாங்கை மட்டுமல்ல, அந்த ரகசியத்தையும்தான். இரண்டு மூன்று கிழமை கிடைத்திருந்தால் வாப்பா எழும்பியிருப்பாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் யாரால் அந்த நாட்கள் போயின என்பது, என் முகத்துக்கு நேரே குந்தியிருந்த அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கடை பூட்டினாங்கன்னு கேள்விப்பட்டு ஓடினேன்,” என்றார் மிஸ். “என்னால வந்தது முதலாளி, மன்னிச்சுக்குங்கன்னு அழுதேன். புள்ளைகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னேன். ஒங்க வாப்பா கையெடுத்துக் கும்பிடாத குறையா சொன்னாரு. ‘மிஸ், புள்ளைக்கு மட்டும் இது தெரிய வேணாம். தெரிஞ்சா கேள்வி கேக்குறத நிப்பாட்டிடும்.’”

தாதி இலக்கங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மிஸ் என் முகத்தைத் தடவிப் பார்த்து, “கோபமா?” என்று கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“அத சொல்லும்போது வாப்பா எங்க நின்னாரு, மிஸ்?”

“கடை வாசல்லதான். நல்ல மழை. உள்ளுக்கு வாங்கன்னு சொன்னாரு. சொல்லிட்டு, கதவுல தொங்குற பூட்டப் பாத்தாரு. என் குடைக்குள்ள வரச் சொன்னேன். வரல. நனைஞ்சுகிட்டே நின்னாரு, நான் தெரு முனை திரும்புற வரைக்கும்.”